வளர வைக்கிற மாத்திரை

"அது வேற மாத்திரைளா வடிவு" என்று ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கிறார். ரயில்வே கேட் போட்டாயிற்று. முன்னால் ஒரு டவுன் பஸ், பின்னால் வைக்கோல் லாரி, நடுவில் கண்ணாடி ஏற்றின காரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின நாங்கள் இரண்டு பேர். காலையில் நான் விழுங்கின மாத்திரை புளித்தது. அதைத்தான் வீட்டிலிருந்து கிளம்பினதிலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறேன். மற்ற நாளெல்லாம் மடக்கென்று விழுங்கிவிடுவேன், இன்றைக்குத் தொண்டை வறண்டு நாக்கிலேயே கிடந்தது, ஆரஞ்சு மிட்டாய் மாதிரி புளித்தது, ஏன் புளித்தது என்று கேட்டேன். முதலில் காது கேட்காத மாதிரி இருந்தார். அப்புறம் உன் வாய்க்கு இப்போ எல்லாமே புளிக்குதே என்றார். இப்போது கேட் போட்ட பிறகு, ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போன பிறகு, வேற மாத்திரை என்கிறார். "வேறன்னா?" "வைட்டமின் சி. சத்து மாத்திரைதான், கெடுதல் ஒண்ணும் இல்ல." "அப்ப என் மாத்திரை?" "பீரோவுல பூட்டி வச்சிருக்கேன். நிறுத்தி ரெண்டு வாரமாச்சு." ரெண்டு வாரமாச்சு. பேப்பர்காரனை நிறுத்தி ரெண்டு வாரமாச்சு என்று சொல்கிற அதே குரல். எனக்கு ரத்தப் புற்று. அந்த மாத்திரை ஒன்றுதான் எனக்கு மருந்து. அதை நிறுத்திவிட்டு, நிறுத்தினதைச் சொல்லாமல், தினமும் காலையில் என் கையில் வேறொன்றைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார் இந்த மனுஷர்.

கோபம் வயிற்றிலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். இல்லை, கையிலிருந்து வருகிறது. எங்கே தொட்டாலும் கன்றிப்போய் நீலம் நீலமாக நிற்கிற கை. இந்தக் கையால் ஓங்கி ஒரு அறை விட்டால் அவருக்கு வலிக்காது, எனக்குத்தான் கன்றும். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. பெண்கள் பள்ளியில் ஓய்வு பெறுகிறவரை பி.டி. டீச்சராக இருந்தவள் நான். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று ஒரு சத்தம் போட்டால் அந்தக் கோடியில் உட்கார்ந்து கதை அடிக்கிற பிள்ளைகள் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். வீட்டில் அந்தத் தொண்டைக்கு வேலையே இல்லை. மெதுவாப் பேசு வடிவு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும் என்பார். மெதுவாகத்தான் பேசினேன். மெதுவாகப் பேசிப் பேசி இப்போது கத்த வேண்டிய இடத்தில் வெறும் காற்று வருகிறது. தினமும் காலையில் இட்லி ஆனதும் வெந்நீரை ஆற்றி, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். நான் விழுங்குகிறவரை நகர மாட்டார். விழுங்கிட்டியா என்று கேட்பார். நானும் ஆங் என்பேன், அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு போவார். பாவம் இந்த வயதில் இவருக்கு இந்த வேலை என்று எத்தனை நாள் மனசு உருகியிருக்கிறேன். எதை விழுங்கிட்டியா என்று கேட்டீங்க? டப்பா அதே டப்பா. மூடி அதே மூடி. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு அதே மாதிரி மஞ்சளாகப் பார்த்துப் போட்டிருக்கிறார். எந்தக் கடையில் ஏறி, என்ன சொல்லி வாங்கினார்? இந்த மஞ்சள் வேண்டாம், இதைவிட வெளிறின மஞ்சள் இருக்கா என்று கேட்டிருப்பாரோ? கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது கடையில் நின்று நிறம் பார்க்கப் பொறுமை இல்லாமல் ஏதோ ஒண்ணு எடுளா என்று சொன்ன மனுஷர். ஏமாற்றுவதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தப் பொறுமை?

கண்ணாடியை இறக்குகிறார். ஏசி நின்றுபோனதால் கார் அனலாக இருக்கிறது. வெளியே ஆளுக்கொரு பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நிற்கிறார்கள். பைக்கில் வந்தவர்கள் கேட்டின் கீழே வண்டியைச் சாய்த்து நுழைத்துக்கொண்டு போகிறார்கள், ரயில் வரட்டும் வராமல் போகட்டும் அவர்களுக்கென்ன. "ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்கிறேன். கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை, கெஞ்சுகிற குரல். "நிறுத்தாம? அந்த மாத்திரை புத்து செல்ல வளக்குதுளா. அந்தச் சின்ன டாக்டரே எங்கிட்டச் சொன்னாரு. வளர வைக்கும்னு. நானும் போனாப் போவுதுன்னு குடுத்துப் பாத்தேன். ரிப்போட்டுல வெள்ளணு மேல மேல ஏறிக்கிட்டே போவுது. தம்பிகிட்ட போன்ல சொன்னா, அண்ணாச்சி, புத்த கொல்லுத மருந்துதான குடுப்பாவ, வளக்குத மருந்தயா குடுப்பாவன்னு கேக்கான். நான் என்ன செய்ய? பாத்துக்கிட்டு நிக்கவா?" சொல்லி முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். நியாயம் எல்லாம் அவர் பக்கம் இருக்கிற மாதிரி ஒரு துடைப்பு.

அந்தச் சின்ன டாக்டர். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு ஸ்டீல் நாற்காலி, அதில் என்னை உட்கார வைத்தார்கள். அம்மா கொஞ்சம் இங்க இருக்கட்டும், சார் நீங்க மட்டும் வாங்க என்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் நின்றார்கள். என் ரத்தத்தைப் பற்றித்தான் பேசினார்கள், என் எலும்புக்குள்ளே ஊசி விட்டு எடுத்ததைப் பற்றித்தான் பேசினார்கள், நான் மட்டும் வாயசைவைப் பார்த்துக்கொண்டு முகமூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோய் எனக்கு, சேதி அவருக்கு. இவர் வெளியே வந்து, ஒண்ணுமில்லளா, ரத்தத்துல ஒரு சின்னக் குறை, மாத்திரையில சரியாயிரும் என்றார். சின்னக் குறைக்கு யாராவது எலும்பைத் துளைப்பார்களா? நான் என்ன ஒன்றாம் வகுப்புப் பிள்ளையா? அடுத்த தடவை ரத்தம் ஏற்றப் படுத்திருந்தபோது அவர் காப்பி குடிக்கப் போன நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் மங்கையர்க்கரசி வந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு என்ன வந்திருக்குன்னு எங்கிட்டச் சொல்லுங்கம்மா என்றேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். உங்க எலும்பு மஜ்ஜையில பிறக்கற வெள்ளணுக்கள் குழந்தையாவே நின்னுடுது. பெரிசாகி வேலைக்குப் போக மாட்டேங்குது, சாகவும் மாட்டேங்குது, இடத்தை அடைச்சுக்கிட்டுக் கூட்டமா கெடக்குது. அதான் நல்ல ரத்தம் ஊற இடமில்ல. ஏன் நின்னு போச்சுன்னா, உள்ள ஒரு நொதி கெட்டுப்போய் செய்யக்கூடாத ஒரு சரக்கைச் செய்யுது, அந்தச் சரக்கு அணுவை வளர விடாம மறிக்குது. மத்த மருந்தெல்லாம் அணுவைக் கொல்லும், உங்க இதயம் அதைத் தாங்காது. இந்த மாத்திரை யாரையும் கொல்லாது. அந்த நொதியோட கையைக் கட்டிப்போடும். மறியல் போச்சுன்னா நின்ன குழந்தையெல்லாம் தானா ஆளாயிடும், ஆளாகி வேலை பாத்து, வயசாகி, தானா போயிடும்.

ஆளாயிடும். இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அத்தனை நோவிலும். ஆளாக்குவதுதானே இவ்வளவு காலம் என் வேலை. ஆறாம் வகுப்பில் வரும்போது ஓடத் தெரியாமல் ஓடுகிற பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவேன். எனக்குப் புரிந்துவிட்டது. படித்த மருத்துவம் ஒன்றும் இல்லாமலே புரிந்துவிட்டது. அந்த டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்: முதல்ல வெள்ளணு எண்ணிக்கை கூடும், பயந்துடாதீங்க, நின்னதெல்லாம் கிளம்பி வரும்போது அப்படித்தான் காட்டும், காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தா மட்டும் உடனே வாங்க, மாத்திரையை மட்டும் ஒருநாளும் விட்றாதீங்க. வீட்டுக்கு வந்து இதை எல்லாம் இவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சொன்னேன்! சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்த்தி வைத்துச் சொன்னேன். வளர வைக்கும்னா பெருக வைக்கும்னு இல்லங்க, ஆளாக்கும்னு அர்த்தம், ரிப்போட்டுல ஏறுச்சுன்னா பயப்படாதீங்க என்று. ரசத்தைக் கையால் அள்ளிக்கொண்டே, உனக்கு என்னளா தெரியும், எங்கிட்ட டாக்டர் நேராச் சொல்லியிருக்காரு என்றார். நேராச் சொல்லியிருக்காரு. எனக்குச் சொன்னது மட்டும் கோணலாகச் சொன்னதாக்கும். பெரிய டாக்டர் பொம்பளை என்பதாலா, கேட்டவள் நான் என்பதாலா? அதே சேதியைத் தம்பி போனில் சொல்லியிருந்தால் ஆமாம்டே என்று தலையாட்டியிருப்பார். தம்பிக்கு என்ன தெரியும்? உரக்கடை வைத்திருக்கிறவர். உரம் போட்டால் பயிர் வளரும், மாத்திரை போட்டால் புற்று வளரும், அவர் கணக்கு அவ்வளவுதான்.

வளர. வளர. இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள் அண்ணனும் தம்பியும். தமிழில் எல்லாம் வளரும். நகம் வளரும், முடி வளரும், வட்டி வளரும், வாய்ச்சண்டை வளரும், வயிற்றில் கட்டி வளரும். பிள்ளையும் வளரும். பிள்ளை வளர்ந்துட்டா என்றால் யாராவது ஒரு பிள்ளை நாலாகிவிட்டது என்றா நினைக்கிறார்கள்? என் மகள் வளர்ந்தபோது இவர் என்ன, பயந்துபோய் சோற்றை நிறுத்தினாரா? ஆனால் அந்தச் சின்ன டாக்டரையும் சும்மா விடக்கூடாது. இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் வாயா வலிக்கும்? முதிர வைக்கும் என்று சொல்லியிருக்கலாம். பக்குவப்படுத்தும் என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடிக் கதவைத் திறந்து என்னையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே கேட்டிருப்பேன், எந்த வளருதல் டாக்டர் என்று. கேட்கிறவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, கேட்கத் தெரியாதவரிடம் அரை வார்த்தையைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த அரை வார்த்தை ரெண்டு வாரமாக என் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது உள்ளே என்ன நடக்கிறதோ. கட்டின கை அவிழ்ந்திருக்கும். அந்த நொதி மறுபடியும் உட்கார்ந்து தன் சரக்கைச் செய்துகொண்டிருக்கும். கிளம்ப இருந்த பிள்ளைகள் எல்லாம் போட்டது போட்டபடி நின்றிருக்கும். அதுகளுக்குப் பின்னால் இன்னும் இன்னும் வந்து சேர்ந்திருக்கும். நாலு நாளாகப் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, படி ஏறினால் கண் இருட்டுகிறது. மாத்திரை வேலை செய்கிற அசதி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேனே, முட்டாள் மாதிரி.

"வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கங்கக்கா, தண்ணியா இருக்கும்" என்று ஒரு பெண் தட்டோடு ஜன்னலில் குனிகிறாள். நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி வைத்திருக்கிறாள். வாடை மூக்கில் ஏறினதும் எனக்கு வாய் ஊறுகிறது. எத்தனை மாதம் ஆயிற்று பச்சையாக ஒன்றைக் கடித்து. கையை நீட்டுகிறேன். அதற்குள் இவர், "ஏளா, பச்சையா ஒண்ணும் திங்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா? கிருமி வந்துரும். போம்மா, போ, வேண்டாம்." அந்தப் பெண் என்னைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள், "ஐயா சொன்னா சரிதான், நல்லாப் பாத்துக்கிறாரு ஒங்கள" என்று சிரித்துக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போகிறாள். நல்லாப் பாத்துக்கிறாரு. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "வெள்ளரிக்காயில கிருமி இருக்குன்னு டாக்டர் சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சாக்கும்?" என்கிறேன். "இப்ப எதுக்கு அதப் போட்டு..." "மாத்திரைய விட்றாதீங்கன்னு சொன்னது விழலியாக்கும்?" "மெதுவாப் பேசு. பஸ்ஸுல இருந்து பாக்காங்க." பார்க்கட்டும். டவுன் பஸ்ஸின் பின் கண்ணாடியில் இரண்டு மூன்று தலை திரும்பித்தான் இருக்கிறது. நன்றாகப் பார்க்கட்டும். கூட்ஸ் வண்டி வருகிறது. பெட்டி பெட்டியாக நிலக்கரி. தரை அதிர்கிறது, காரும் அதிர்கிறது, அந்தச் சத்தத்துக்குள் நான் ஏதேதோ கத்துகிறேன், கொலைகாரன் என்றுகூடக் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன், கடைசிப் பெட்டி போய்ச் சத்தம் அடங்கினபோது அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கேட்டதோ என்னவோ. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வருகிறதாம், கேட்கீப்பர் கையைக் காட்டி எல்லோரையும் இருக்கச் சொல்கிறார்.

அழுகிறார். இதுதான் எனக்கு ஆகாது. மின்வாரியத்தில் இன்ஜினியர் உலகநாதன் என்றால் லைன்மேன்கள் நடுங்குவார்கள். ஒரு பொறி தெறித்தால், ஒரு வயர் கருகின வாடை வந்தால், முதலில் மெயின் சுவிட்சை இழு, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்பார். வீட்டிலும் அப்படித்தான். மிக்ஸியில் சத்தம் மாறினால் மெயின். ஃபிரிட்ஜ் முனகினால் மெயின். மகள் காதலிக்கிறாள் என்று தெரிந்ததும் அவள் போனைப் பிடுங்கி வைத்தாரே, அதுவும் மெயின்தான். என்ன, எதனால் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. அப்படித்தான் ரிப்போர்ட்டில் வெள்ளணு ஏறினதும் என் மெயினை இழுத்துவிட்டார். இழுத்துவிட்டு இப்போது அழுகிறார். "உன்ன எனக்குக் குடுக்க மனசில்லளா. அந்த மாத்திரை ஒன்னக் கொண்டுபோயிரும்னு ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து கெடந்தேன். நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?" எனக்குத் தெரியும், பொய் இல்லை. இரண்டு கண்ணும் சிவந்து, மூக்கு ஒழுகி, கைக்குட்டை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் சட்டைப்பையைத் தடவுகிறவரைப் பார்த்தால் மனசு இளகத்தான் பார்க்கிறது. இளகக்கூடாது. இளகினேன் என்றால் அவ்வளவுதான், அவர் கண்ணைத் துடைத்துவிட்டு நான் சமையல் செய்யப் போக வேண்டும். பாசத்தில் செய்தார், சரி. பாசத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? வடிவு, எனக்குப் பயமா இருக்கு, நிறுத்திரலாமா என்று கேட்டிருந்தால்? கேட்டால் நான் வேண்டாம் என்பேன், அதனால் கேட்கவில்லை. என் உயிரை வைத்துக்கொண்டு தன் பயத்துக்கு மருந்து பார்த்திருக்கிறார்.

"ஒண்ணு சொல்லுதேன், கேப்பியா?" என்கிறார். மூக்கை உறிஞ்சிக்கொள்கிறார். "ஆஸ்பத்திரியில இத சொல்லிக்கிட வேண்டாம். நாளையிலேர்ந்து திருப்பிக் குடுத்துருதேன். அவங்களுக்குத் தெரியவா போவுது? எனக்கு அசிங்கமாப் போயிரும்ளா." அதானே பார்த்தேன். அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ரிப்போர்ட்டெல்லாம் தேதிவாரியாக ஃபைலில் போட்டு வைத்திருப்பார், கேட்டதும் எடுத்து நீட்டுவார். நர்ஸ்கள் சார் சார் என்பார்கள். சார் மாதிரி மனைவியைப் பாத்துக்கறவங்க ஆயிரத்துல ஒருத்தர் என்று சின்ன டாக்டர் ஒருநாள் சொல்லிவிட்டார், அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார், என் மகளிடம் இரண்டு தடவை சொன்னார். அந்த ஆயிரத்தில் ஒருத்தர் கீழே விழுந்துவிடக்கூடாதாம். அதற்கு நான் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமாம். பெரிய டாக்டர் சொன்னது காதில் அப்படியே நிற்கிறது. மாத்திரை பிடிக்குதா இல்லையான்னு ரத்தத்தை வெச்சுத்தான் முடிவு பண்ணுவோம், பிடிக்கலைன்னா நிறுத்திடுவோம், அதுக்கப்புறம் எங்க கையில பெரிசா ஒண்ணும் இல்லம்மா. நேற்று ஊரில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. இன்றைக்கு அதைப் பார்த்துத்தான் முடிவு. மாத்திரை சாப்பிடாதவளின் ரத்தத்தைப் பார்த்து மாத்திரை தோற்றுவிட்டது என்று எழுதப்போகிறார்கள். நான் பேசாவிட்டால் என் மருந்தை நானே பறிகொடுத்த மாதிரி. பேசினால் இவர் தலை குனியும். சொந்தத்தில் தெரியும், மகளுக்குத் தெரியும், மகள் இவரோடு பேசமாட்டாள். அவளை எனக்குத் தெரியும், ஆயுசுக்கும் பேசமாட்டாள். இப்படி எல்லாம் நான் ஏன் யோசிக்கிறேன்? சாகப்போகிறவள் நான், சங்கடம் யாருக்கு என்று இந்த மூளை அவருக்காக யோசித்துக்கொடுக்கிறது. பழக்கம். மெதுவாப் பேசு வடிவு. இரண்டாவது ரயில் இன்னும் வரவில்லை.

போன் அடிக்கிறது. சின்ன டாக்டர். இவருக்கு வலது காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், இப்போதும் பழக்கத்தில் கை போய் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டது. "சார், கிளம்பிட்டீங்களா?" "கேட்ல நிக்கோம் டாக்டர்." "நேத்து எடுத்த ரத்தம் ரிசல்ட் வந்துடுச்சு சார். அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். முழுசாகத்தான் பார்த்தார். "இல்ல டாக்டர், சொல்லுங்க." பக்கத்தில் இல்லையாம் நான். முழங்கை முழங்கையில் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன், இல்லையாம். "கெட்ட செல் நிறையக் கூடியிருக்கு சார். மாத்திரை அவங்களுக்குப் பிடிக்கல போலிருக்கு. பெரிய மேடமும் பாத்தாங்க. இன்னைக்கு வந்ததும் அதை நிறுத்திடலாம்ங்கறாங்க. அப்புறம் சார், மனசைத் தேத்திக்கங்க, இனிமே வலி இல்லாம வீட்ல வெச்சுப் பாத்துக்கறதுதான். ஒண்ணு கேக்கணும், மாத்திரையை ஒழுங்கா குடுத்தீங்கல்ல? நடுவுல விட்டுப்போகலையே?" ரயில் வருகிற சத்தம் தூரத்தில் கேட்டது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அழுத கண் இன்னும் காயவில்லை, உன்னைக் குடுக்க மனசில்லை என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை. இப்போது ஒரே ஒரு வார்த்தை போதும், விட்டுப்போச்சு டாக்டர் என்று சொன்னால் போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன் என்றுகூட நினைத்தேன். தொண்டையைச் செருமினார். "விடல டாக்டர். ஒழுங்காத்தான் குடுத்தேன்" என்றார்.

போனை அவர் கையிலிருந்து எடுத்தேன். பிடுங்கவில்லை, கையில் அவ்வளவு வலு இல்லை, அவர் விரல்தான் தானாக விட்டது. "டாக்டர், நான் சண்முகவடிவு பேசுதேன்" என்றேன். "அம்மா? நீங்க பக்கத்துலயா..." "மருந்து தோக்கல டாக்டர். எனக்குக் குடுக்கல. ரெண்டு வாரமா சத்து மாத்திரைய அந்த டப்பாவுல போட்டுக் குடுத்திருக்காவ. நீங்க வளர வைக்கும்னு சொன்னத, புத்து வளருதுன்னு நெனச்சுக்கிட்டு நிறுத்திட்டாவ. நெச மாத்திரை வீட்டு பீரோவுல இருக்கு. நீங்க நிறுத்தாதீங்க. பெரிய டாக்டர்ட்ட இப்பமே போயி இதச் சொல்லுங்க." அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார், அப்புறம் ஆட்டுவதை நிறுத்திவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். ரயில் எங்கள் முன்னால் போயிற்று, பயணிகள் ரயில், ஜன்னல் ஜன்னலாக முகங்கள். போய் முடிந்ததும் கேட் மேலே ஏறியது. டவுன் பஸ் நகர்ந்தது. பின்னால் வைக்கோல் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. எடுய்யா வண்டிய என்று எவனோ கத்தினான். என் வீட்டுக்காரர் சாவியைத் தொடவில்லை. நானும் எடுங்க என்று சொல்லவில்லை. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, பதட்டப்படாதீங்க" என்றார் சின்ன டாக்டர். "நீங்க... கொஞ்சம் போனை சார்கிட்ட குடுங்க."

"குடுக்க மாட்டேன். எங்கிட்டச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா, கேளுங்க" என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்.